மாயக்காள் மாற்றிய பொட்டலம்

பழங்காநத்தத்துக்குத் தெற்கே, கண்மாயில் தண்ணீர் குறைந்த வருடங்களில் கடைமடை வயல்காரர்களுக்கு அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஆளுக்கு மூன்று இலைப் பொட்டலங்கள். ஒன்றில் செவ்வரளி, இரண்டில் வெள்ளரளி. சிவப்பு எடுத்தால் தண்ணீர். வெள்ளை என்றால் பயிர் போச்சு.

ஒன்றை எடுத்ததும், பூசாரி சிவனாண்டி மற்ற இரண்டில் வெள்ளையாகப் பார்த்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவார். கட்டியவர் அவர், எதில் எது என்று தெரியும். பிறகு கேட்பார், "மாத்துறியா?"

யாரும் மாற்றியதில்லை. முதலில் கைக்கு வந்ததுதான் சாமி கொடுத்தது. மிச்சம் இருப்பதும் இரண்டு பொட்டலம், இதிலும் இருக்கலாம், அதிலும் இருக்கலாம் என்பார்கள்.

புருஷன் இறந்தபின் மாயக்காள் தனியாகவே பயிர் வைத்தாள். 1938இல் கதிர் வரும் நேரத்தில் வயல் வெடித்துவிட்டது. பூக்கட்டுக்கு முந்தின நாள், நாத்தனார் இருளாயியை உட்காரவைத்து, மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் புளியங்கொட்டையை ஒளிக்கச் சொன்னாள். தான் ஒன்றைத் தொட்டதும் மற்ற இரண்டில் வெறும் சிரட்டை ஒன்றைத் தூக்கிவிட வேண்டும். பகல் முழுக்க அதே வேலை.

"மொதல்ல தொடுறது மூணுல ரெண்டு தடவ தப்பாத்தான் போகுது. அப்பக் கொட்டை மத்த ரெண்டுல ஒண்ணுல கெடக்கு. வெறும் சிரட்டைய நீயே தூக்கிடுற. அப்புறம் எங்க போகும்?"

"சாமிகிட்டயும் இப்படித்தான் கணக்குப் பேசுவியாக்கும்?"

"பொட்டலம் கட்டுறது சிவனாண்டிதான?"

மறுநாள் கொழுந்தன் சோணைமுத்து மாற்றவில்லை. சிவப்பு வந்தது.

மாயக்காள் மாற்றினாள். கூட்டம் முணுமுணுத்தது. பிரித்தாள். வெள்ளை. கீழே வைத்த பொட்டலத்தைச் சோணைமுத்து பிரித்துக் காட்டினான். செவ்வரளி.

"கையில குடுத்தத வீசிட்டியே மதினி! வேணும் ஒனக்கு."

முதலிலேயே வெள்ளையை எடுத்திருந்தால் யாருக்கும் இவ்வளவு வலித்திருக்காது.

"இந்தத் தடவ மொதல்லயே சரியாத் தொட்டுட்டேன்," என்றாள் மாயக்காள். "அடுத்த தடவையும் மாத்துவேன்."

"இன்னுமா?"

"இன்னுந்தான்."

பயிர் கருகியது. அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, அடுத்தவர் வயலில் களையெடுக்கப் போனாள். வழியில் தெரிந்தவர்கள் எல்லாம் அந்தச் செவ்வரளியைப் பற்றியே கேட்டார்கள். மறுபடியும் நட்டாள்.

அடுத்த வருடமும் கண்மாய் நிறையவில்லை. சிவனாண்டி வெள்ளையைப் பிரித்துக் காட்டினார். அவர் கேட்குமுன்பே மாயக்காள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்தாள்.

செவ்வரளி.

"சாமி மன்னிச்சிருச்சு மதினி," என்றான் சோணைமுத்து.

மாயக்காள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்கு நடந்தாள்.