பி.டி. சாரை நான் ஃபெயிலாக்கினேன்

என் வலது கீழ்க்கால் எலும்பின் எக்ஸ்ரே படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. உறை பழுப்பேறிவிட்டது, படத்தின் ஓரங்கள் சுருண்டுவிட்டன. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எலும்பின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு தெரியும். கோட்டின் இரண்டு பக்கமும் எலும்பு வெள்ளையாகத் தடித்திருக்கும். அந்தத் தடிப்புக்கு என்ன அர்த்தம் என்பது பல வருடம் கழித்து, உடற்பயிற்சி உடலியல் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. எலும்பு பல நாளாகத் தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறது. நேரம் கொடுக்காததால் தோற்றிருக்கிறது. அதாவது என் கால் ஒரே நாளில் முறியவில்லை. அது புரிந்த அன்று நான் வருத்தப்படவில்லை. பி.டி. சாரை நினைத்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டி எங்கள் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார் சார். முதல் வாரம் மைதானத்தை ஐந்து சுற்று ஓடினோம். அடுத்த வாரமே பதினைந்து. காலையில் ஓடியது போதாதென்று சாயங்காலம் உப்பளத்துப் பாதையில், லாரி போய் இறுகிய மண்ணில், வெறுங்காலோடு ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் அன்றைக்கும் உண்டு. கடல் காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது. உடம்பு சூடு இறங்காமல் கொதிக்கும். தண்ணீர் கேட்டால் விசில்தான் பதில். முழங்காலுக்குக் கீழே ஓர் இடத்தில், விரல் வைத்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது என்று சொன்னேன். "ஏளா, நடிக்காத. ஓடு," என்றார்.

என் அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். பள்ளிக்கூடப் படி ஏறிப் பழக்கமில்லாதவர், எனக்காக ஏறி வந்தார். "சாரே, காது வலிச்சா நாங்க அன்னைக்கு முங்க மாட்டோம். பிள்ளைக்கு ரெண்டு நாள் லீவு குடுங்க," என்று கேட்டார். சார் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. "அது உங்க பிழைப்பு அண்ணாச்சி. இது ஸ்போர்ட்ஸ். வலிக்காம மெடல் வராது," என்றார். அப்பா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு திரும்பிப் போனதை வராந்தாவில் நின்று பார்த்தேன். காலைவிட அதுதான் அதிகம் வலித்தது என்று இப்போது தோன்றுகிறது.

போட்டி நாளில் இரண்டாவது சுற்றின் வளைவில் முருங்கைக் கொப்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முதலில் சத்தம், பிறகுதான் விழுந்தேன். வேறு பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் ஓடிவந்து என் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். சார் மெதுவாக நடந்து வந்து அந்த டீச்சரிடம், "இவளுக்கு ஓட மனசில்ல டீச்சர், அதான் விழுந்துட்டா," என்று சொன்னார். மாவுக்கட்டு பிரித்த பிறகு நான் நடந்தேன். ஓடவில்லை.

நான் இந்தப் படிப்புக்கு அறிவுத் தாகத்தில் வரவில்லை. அவர் சொன்னது தப்பு என்று ஒரு நாள் அவர் முகத்துக்கு நேரே சொல்வதற்காக வந்தேன். பயிற்சி உடம்பைப் பலப்படுத்துவதில்லை, உடைக்கிறது. அதற்குப் பிறகு வருகிற ஓய்வில்தான் தசையும் எலும்பும் முன்னைவிடக் கொஞ்சம் உறுதியாகக் கட்டி எழும்புகின்றன. சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவு வேறு. இதைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் நிஜமாகவே உட்கார்ந்திருந்தார். மாவட்டத்து உடற்கல்வி ஆசிரியர்களுக்கு எங்கள் கல்லூரியில் பயிற்சி வகுப்பு. தலை நரைத்து, வயிறு சரிந்து, இரண்டாவது வரிசையில் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு மாறிய என் பெயர் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்த எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, அவரையே எழுப்பினேன்.

"என்ன ஆயிருக்கும் சார்?"

"கீழ விழுந்திருக்கும் மேடம்."

"முறிஞ்ச பிறகுதான் விழுந்தா. வலிக்கு வலிக்குன்னு ரெண்டு வாரமாச் சொல்லியிருக்கா."

"சொல்லியுமா ஓட விட்டான்? எந்த மடையன் மேடம் அந்தப் பிள்ளைக்கு டிரெயினிங் குடுத்தது?"

வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை நான் காத்திருந்தேன்.

"நீங்கதான் சார். அது என் காலு."

அந்த அமைதியைப் போல ஒரு ருசியை நான் வாழ்நாளில் அறிந்ததில்லை. அவர் நின்றபடியே இருந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை.

அன்று மாலை, பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்கு வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றை எல்லாரும் எழுதித் தர வேண்டும். தேறினால்தான் சான்றிதழ், தேறாவிட்டால் அடுத்த மாதம் திரும்ப வர வேண்டும். அவர் எழுதியதில் தினமும் ஓட்டம் இருந்தது, ஓய்வே இல்லை. ஃபெயில் போட்டேன். அது நியாயம். மறு மாதம் ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். இந்த முறை ஓய்வு நாள் இருந்தது, சுமை படிப்படியாக ஏறியது. போட்டிக்கு முந்தின வாரம் சுமையைக் குறைக்க மட்டும் மறந்திருந்தார். அதே தவறைச் செய்த மூன்று பேரைத் தேற்றினேன். அவருக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டேன். அது நியாயமில்லை என்று தெரிந்துதான் போட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் முறை ஒரு பிழையும் இல்லை. மற்றவர்கள் போன பிறகு அவரை நிறுத்தி, "என்னைய ஞாபகம் வந்துச்சா சார்?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். பொய் சொல்லக் கூடாது. வலிக்குன்னு அழுத பிள்ளைக நிறைய. அதுல நீங்க எதுன்னு தெரியல."

இத்தனை வருடமாக இந்த மனிதரின் குரலை, நடையை, விசில் ஊதும்போது புடைக்கிற கன்னத்தை நான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். அவருக்கு என் முகம்கூட இல்லை. வெள்ளைத் தாளை அவர் முன்னால் தள்ளினேன். "ஞாபகம் இருக்கிறவங்க பேரை எழுதுங்க. பிறகு கையெழுத்துப் போடுதேன்." பேனாவை வைத்துக்கொண்டு யோசித்து யோசித்து இரண்டு பெயர் எழுதினார். சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

பழைய மாணவிகளின் வாட்ஸப் குழுவில் விசாரித்து இருவரையும் போனில் கூப்பிட்டேன். ஆத்தூரில் இருக்கிறவள், "அதெல்லாம் இப்ப எதுக்கு அக்கா," என்று வைத்துவிட்டாள். இன்னொருத்தி காயல்பட்டினத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். அப்போதிருந்தே ஒரு முட்டி மடங்காது, நாற்காலியில் இருந்துதான் தொழுகிறாளாம். நல்ல காலால் மெஷினை மிதித்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"எத்தனை தடவ ஃபெயிலாக்குனீங்க?"

"ரெண்டு தடவ."

மெஷின் சத்தம் நின்றது.

"இன்னொரு தடவ ஆக்கியிருக்கலாம்லா அக்கா."

அவள் சொன்னது சரி. அவள் தொழுகிற அந்த நாற்காலியைப் பற்றி முன்பே தெரிந்திருந்தால், கட்டாயம் ஆக்கியிருப்பேன்.