பக்தவத்சலம் மாமாவும் ஜெர்மன் கத்தியும்

என் அக்கா ஆனந்தவல்லியின் வீட்டுக்காரர் பக்தவத்சலம் மராத்தி பேசும் ஊரான கட்கியிலேயே பிறந்து கட்கியிலேயே வளர்ந்தவர். அவருடைய அப்பா குடியாத்தத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். மாமா அந்தப் பக்கம் போகவில்லை. எழுபத்தேழில், ஆம்பூர்க்காரர் காசிம் கசார்வாடியில் ஒரு ரப்பர் பட்டறை தொடங்கியபோது முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். ஸ்கூட்டருக்கும் ரிக்‌ஷாவுக்கும் வேண்டிய வாஷர், புஷ், ஆயில் ஸீல் செய்கிற இடம். செய்து முடித்த சரக்கைச் சோதித்து, இது போகலாம், இது போகக் கூடாது என்று பிரிப்பது மாமாவின் வேலை.

அந்த வேலைக்கென்றே பெற்றுப் போட்ட மாதிரி ஓர் ஆள். வீட்டில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் காபியை ஊற்ற விடுவார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பஜ்ஜி ஒரு பக்கம் வேகவில்லை என்று பெண்ணின் அப்பாவிடமே சொன்னார். அந்தக் கல்யாணம் நடந்ததே என் மாமனாரின் பொறுமையால்தான். மாமாவின் வாயிலிருந்து வரக்கூடிய மிகப் பெரிய பாராட்டு “பரவாயில்ல” என்பது. மகள் வைஷு பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்துவிட்டு, அதைத்தான் சொன்னார். அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.

பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு, வரைபடத்தில் சொன்ன அளவிலிருந்து ஒரு மயிரிழை தப்பியிருக்கும். ஆனால் வண்டியில் மாட்டினால் ஓடும். அப்போது சோதனைக்காரர் ‘இந்தக் குறை இருப்பது தெரிந்தே ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார், முதலாளி பக்கத்தில் போடுவார், சரக்கு லாரி ஏறிவிடும். டீவியேஷன் நோட் என்று அதற்குப் பெயர். மற்ற பட்டறைகளில் மாதம் நாலைந்து போகும். மாமா ஒன்றுகூடப் போட்டதில்லை. காசிம் பாய் கெஞ்சியிருக்கிறார், சத்தம் போட்டிருக்கிறார், பெருநாளன்று ஷீர் குருமா பாயசத்தோடு வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்திருக்கிறார். குருமாவைக் குடித்துவிட்டு, பால் லேசாக அடிபிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார் மாமா. எழுபத்தேழில் அச்சடித்த டீவியேஷன் புத்தகம் அவர் மேஜை இழுப்பறையில் முதல் தாள் கிழியாமல் கிடந்தது.

தொண்ணூற்று நாலில் பட்டறைக்கு ஜெர்மனியிலிருந்து ஓர் இயந்திரம் வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க வந்த ஜெர்மன் மெக்கானிக்குக்கு ஹோட்டல் சாப்பாடு மூன்றாம் நாளே வயிற்றைக் கலக்கிவிட்டது. அதன் பிறகு மூன்று வாரமும் அக்கா கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தில் பாதி அவருக்குப் போனது. ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி பிரிக்காத ஒரு மடக்குக் கத்தியை மாமா கையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் அந்தக் கத்தியை முதல் வாரமே பார்த்தேன். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அலகின் பக்கவாட்டில் ஒரு சிறு குமிழ். அதைக் கட்டைவிரலால் தள்ளினால் ஒற்றைக் கையிலேயே டக்கென்று திறந்துகொள்ளும். திறந்ததும் உள்ளே ஒரு தகடு நகர்ந்து வந்து, அலகு திரும்ப மடங்காதபடி முட்டுக் கொடுக்கும். பேனா மாதிரி பாக்கெட் விளிம்பில் செருகிக்கொள்ள ஒரு கிளிப்பும் உண்டு. ரப்பர் ஓரத்துப் பிசிறை நறுக்கப் பட்டறைக் கத்திகளை ஒரு நாளைக்கு இரண்டு தடவை தீட்ட வேண்டியிருந்தது. இதை வாரத்துக்கு ஒருமுறை தீட்டினால் போதும். மாமா அதை வெர்னியரால் அளந்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, காகிதத்தை அறுத்து, கடைசியில் “பரவாயில்ல” என்றார். அக்காவுக்கு அடிவயிறு எரிந்திருக்கும்.

அன்றிலிருந்து அது அவர் பாக்கெட்டை விட்டு இறங்கவில்லை. பகலெல்லாம் ரப்பர். மாலையில் கழுவித் துடைத்து வீட்டில் வாழைப்பூ, பரங்கிக்காய், அல்ஃபான்ஸோ மாம்பழப் பெட்டியின் நாடா. லோக்கல் ரயிலில் பக்கத்து ஆளின் அறுந்த செருப்பு வார். கணபதி பந்தலுக்குக் கயிறு. ஒரு நாள் கட்கி ஸ்டேஷன் வாசலில் லூனா மொபெட்டில் போன ஒரு பெண்ணின் ஓடனித் துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக் கழுத்தை இறுக்கியது. எல்லோரும் அரே, அரே என்று கத்திக்கொண்டிருக்க, மாமா ஓடிப் போய் ஒரே வீச்சில் துணியை அறுத்துவிட்டார். மூச்சு வந்ததும் அந்தப் பெண் முதலில் கேட்டது, இன்றைக்குத்தான் போட்ட புது ஓடனியை ஏன் இப்படி நடுவில் வெட்டினீர்கள் என்று. “கேட்டது நியாயம்தான். ஓரமா வெட்டியிருக்கலாம்” என்று எங்களிடம் வருத்தப்பட்டார்.

இரண்டாயிரத்து மூன்று ஜூன் மாதம் அந்தக் கத்தி அவரைக் கடித்தது. தடித்த ரப்பர் தகட்டில் ஓட்டை போட முனையைக் குத்தி அழுத்தியிருக்கிறார். முட்டுக் கொடுக்க வேண்டிய தகடு நழுவி, அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. மூன்று தையல். அக்கா கத்தியைக் குப்பையில் போடச் சொன்னாள். மாமாவோ கட்டுப் போட்ட விரலோடு கத்திக்காகத்தான் வாதாடினார்.

“அது மேல தப்பில்ல ஆனந்தா. நான்தான் கண்டதுக்கும் உபயோகிச்சுக் கெடுத்துட்டேன்.”

“ஆமா, என் சமையல்னா மட்டும் உடனே என் மேல தப்பு,” என்றாள் அக்கா.

வைஷு அப்போது ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். ஆபீஸ் இன்டர்நெட்டில் தேடி, இதே கத்தியை வைத்திருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்து அச்செடுத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொன்னாள். பின்லாந்துக்காரர் ஒருவர் மான் தோலை உரித்தாராம். கனடாக்காரர் கூடாரக் கயிறு அறுத்தாராம். இன்னொருவர் வாங்கி ஆறு வருடமாக வெல்வெட் பெட்டியில் வைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அற்புதமான கத்தி என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

“ஒண்ணுமே வெட்டாம எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு?” என்று மாமாவுக்குக் கோபம் வந்தது.

அதே தாளில், கம்பெனி ஆயுள் முழுக்க வாரன்டி தருகிறது என்றும் இருந்தது. பழுதான கத்தியை அனுப்பினால் பார்த்துத் தருவார்கள். தவறாகப் பயன்படுத்தியிருந்தால் மட்டும் கிடையாது. வைஷுவின் சிநேகிதி ஸ்நேஹா ஆபீஸ் வேலையாக இரண்டு மாதம் ஜெர்மனி போகிறாள், செக்-இன் பெட்டியில் வைத்து எடுத்துப் போவதாகச் சொன்னாள். கூடவே ஒரு படிவம் அனுப்ப வேண்டும்: கத்தியை எதற்கெல்லாம் பயன்படுத்தினீர்கள்?

“அப்பா, லெட்டர் பிரிக்க, ஃப்ரூட் கட் பண்ண. இவ்ளோதான் எழுதறேன்,” என்றாள் வைஷு.

“ரப்பர்?”

“வேண்டாம்ப்பா. ஸப் குச், எல்லாத்தையும் சொன்னா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க.”

“பண்ணட்டுமே. நான் அவன் இடத்துல இருந்தா நானும்தான் பண்ணுவேன்.”

கத்தி திரும்பி வராமலே போகலாம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒன்று விடாமல் சொன்னார். ரப்பர், பரங்கிக்காய், தகர டப்பா மூடி, ஒரு தடவை ஸ்க்ரூ டிரைவராக, லூனாக்காரியின் ஓடனி. படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். எனக்கு அவர் மேல் எரிச்சலாகவும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

அடுத்த ஐந்து வாரம் அவர் படுத்திய பாட்டை அக்காதான் சொல்ல வேண்டும். எதைப் பார்த்தாலும் கை பாக்கெட்டுக்குப் போகும், வெறுமனே திரும்பி வரும். பட்டறைக் கத்தி மொக்கை என்றார், அரிவாள்மணை உயரம் சரியில்லை என்றார். முதல் தடவையாக அவர் எதற்கோ ஏங்கிப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வைஷு அச்செடுத்து வந்து வாசித்தாள். உங்கள் கத்தியைப் பிரித்துச் சோதித்தோம். நீங்கள் எழுதிய எந்த உபயோகத்தாலும் இது கெடவில்லை. முட்டுத் தகடு வந்து உட்காரும் சரிவு, செய்யும்போதே அரை டிகிரி தப்பாக அறுபட்டிருக்கிறது. எங்கள் சோதனையைத் தாண்டி இது வெளியே வந்திருக்கவே கூடாது. மன்னிக்கவும். புதிய மாடல் ஒன்றை இலவசமாகத் தருகிறோம். பழையதே வேண்டுமென்றால் தகட்டை இறுக்கித் தரலாம், ஆனால் குறையை முழுதும் நீக்க முடியாது. தெரிந்தே பெற்றுக்கொள்வதாக எழுத்தில் தர வேண்டும். ஸ்நேஹா ஊர் திரும்புவதற்குள் வேலை முடிய, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“இன்ஸ்பெக்டர்னு அங்க எவனாவது இருக்கானா இல்லையா? அரை டிகிரி! எப்படிப் பாஸ் பண்ணினான்?”

“நீங்களும்தானே அப்பா பாஸ் பண்ணினீங்க?” என்றாள் வைஷு. “ஒன்பது வருஷம்.”

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, தோன்றியதைச் சொன்னாள். மாமா உட்கார்ந்துவிட்டார். ஆயிரக்கணக்கான வாஷரில் மயிரிழைத் தப்பைக் கண்டவர், தினமும் கையில் பிடித்த கத்தியில் இதைப் பார்க்கவில்லை. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் குஷியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பஜ்ஜியை நான் மறந்திருக்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. அன்று அவர் சாம்பாரைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் சாப்பிட்டார். அக்கா பயந்துபோனாள்.

எல்லோரும் புதியதை வாங்கிக்கொள்ளச் சொன்னோம். வைஷு படம் காட்டினாள். இன்னும் அழகாக, இன்னும் நல்ல எஃகில் இருந்தது. மாமாவின் சட்டப்படியும் அதுதான் சரி. குறையுள்ள சரக்கு திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான். அவர் வியாழன்வரை பதில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு பாங்கில் லீவு. என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று அவரோடு லோக்கலில் ஏறிக் கசார்வாடிக்குப் போனேன். பட்டறைக்குள் நுழைந்ததும் இழுப்பறையைத் திறந்து டீவியேஷன் புத்தகத்தை எடுத்தார். தூசியைத் தட்டி, வரிசை எண் ஒன்று என்று போட்டு எழுத ஆரம்பித்தார். பொருள்: மடக்குக் கத்தி. குறை: முட்டுச் சரிவில் அரை டிகிரி. நிபந்தனை: இழுத்து அறுக்க மட்டும் பயன்படுத்தப்படும், முனையால் குத்தி அழுத்தப்படாது. கீழே கையெழுத்துப் போட்டார். தையல் போட்ட விரல் இன்னும் சரியாக மடங்காததால் கையெழுத்து கொஞ்சம் கோணியது. அதையும் முறைத்துப் பார்த்தார்.

முதலாளி கையெழுத்து இல்லாமல் தாள் செல்லாது. எடுத்துக்கொண்டு காசிம் பாயின் அறைக்குப் போனார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

“இன்னா பக்தாஜி இது? இருபத்தாறு வருஷம் உங்க காலைப் பிடிக்காத குறையா கேட்டேன். ஒரு டப்பா வாஷருக்குப் போட்டிருப்பீங்களா? ஜெர்மன்காரன் கேட்டதும் போட்டுட்டீங்க!”

“உங்க வாஷர் என்கிட்ட ஒரு நிமிஷம் இருக்கும் பாய், அப்புறம் போயிடும். இது ஒன்பது வருஷம் கூடவே இருந்திருக்கு. குறை இருக்குன்னு இப்ப தெரியுது. தெரிஞ்சும் இதுதான் வேணும்னு மனசு கேக்குது. வேற என்ன பண்றது? அதுக்குத்தானே இந்த ஃபாரமே அடிச்சு வெச்சிருக்காங்க?”

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த காசிம் பாய் அப்படியே நிறுத்தி அவரை அண்ணாந்து பார்த்தார்.

“அட என் அல்லாவே, இதைத்தானேய்யா உங்களுக்கு எழுபத்தேழுலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!”