காலருக்குள் ஒரு புள்ளி

துணி மூட்டையை அவிழ்த்ததும் டோபி அப்பாசாமி அழுக்கைப் பார்ப்பதில்லை. காலரைத்தான் புரட்டிப் பார்க்கிறார். காலரின் உட்பக்கம் வீட்டுக்கு ஒரு குறி, சேங்கொட்டை மையில் போட்டது. துரைமார் அலுவலகத்தின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி மாணிக்கவாசகத்துக்கு இரண்டு கோடும் ஒரு வளையமும். பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு ஒரு கொக்கி. எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் பாதி வீட்டுத் துணி அவருடைய அண்டாவில் ஒன்றாகக் கொதிக்கிறது. இதுவரை ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை.

அவர் மட்டும் பளிச்சென்ற வெள்ளைச் சட்டையில் நிற்பார். அதன் காலரில் குறியே கிடையாது. கேட்டால், "நம்ம சட்டை எங்க காணாமப் போவப் போவுது?" என்பார்.

டோபி கடை என்றால் குறை சொல்வதற்கென்றே கட்டிய இடம் என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு நினைப்பு. பக்கத்துக் குடியிருப்பான கம்போங் சிட்டியிலிருந்து வரும் ஓர் அம்மாள், ஏழு வருடத்துச் சாரோங்கைத் தூக்கிக் காட்டிச் சாயம் போய்விட்டது என்று மலாய் மொழியில் பொரிந்து தள்ளுவார். சிவகாமி அம்மாளுக்கு நீலம் ஒரு வாரம் கூடுதல், மறுவாரம் குறைச்சல். எல்லாருக்கும் அப்பாசாமியிடம் ஒரே பதில்தான்: "அப்படியாங்க? பாத்துக்கிறேன் லா."

அந்தப் பணிவைக் கண்டு எனக்குக் கோபமே வந்திருக்கிறது. திருப்பிக் கேட்டால் என்ன, வாயில் கொழுக்கட்டையா? பிறகுதான் சங்கதி தெரிந்தது. அநியாயமாகக் குறை சொன்னவர் தெருமுனை தாண்டியதும் அப்பாசாமி ஊசி முனையில் மையைத் தொட்டு, அந்தத் துணியின் குறிக்குப் பக்கத்தில் கடுகளவு புள்ளி ஒன்று வைத்துவிடுவார்.

"நான் ஏன் வாத்தியாரே அத மனசுல வச்சிக்கிட்டு அலையணும்? சொன்னவங்களே கழுத்துல போட்டுக்கிட்டுப் போவட்டும்" என்றார். புள்ளி வைத்த மறுநிமிடம் வாயில் பாட்டு வந்துவிடும். என் சட்டைகளில் இரண்டு புள்ளி இருக்கிறது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மற்றொன்றைப் பற்றி எங்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.

அதிகப் புள்ளி மாணிக்கவாசகத்துக்குத்தான். இந்த வருடம் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேற, அவருடைய அலுவலகத்தில் வாரத்துக்கு ஒரு பிரிவுபசார விருந்து. கேக்கும், மசாலா வைத்துப் பொரித்த கறிபாப்பும் மனிதரை நன்றாகக் கவனித்துக்கொண்டன. ஆனால் அவர் கணக்கில், வயிறு பெருக்கவில்லை. டோபி கோட்டைச் சுருக்கிவிட்டான். ஒவ்வொரு முறையும் அப்பாசாமி, "பாத்துக்கிறேன் லா" என்று வாங்கி, பொத்தானைக் கால் அங்குலம் தள்ளித் தைத்துக் கொடுப்பார். அந்த வெள்ளைக் கோட்டில் மட்டும் ஆறு புள்ளி சேர்ந்துவிட்டது.

மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு முதல் நாள் காலை பதினோரு மணி. விடிந்தால் திடலில் கொண்டாட்டம்; பெரிய கிராணிக்கு முன்வரிசையில் நாற்காலி. அன்று காலைதான் வாங்கிப் போன கோட்டோடு அவர் திரும்பி வந்து நின்றார்.

"அப்பாசாமி! பின்னால தீச்சு வச்சிருக்க! நாளைக்கு நான் எதப் போட்டுக்கிட்டுப் போறது? என் ஆபீஸ் துணி ஒண்ணுகூட இனிமே உன் கடைக்கு வராது, பாத்துக்க!"

"அப்படியாங்க? பாத்துக்கிறேன் லா."

கிராணி போனதும் அப்பாசாமி பழக்கப்படி காலரைப் புரட்டி ஏழாவது புள்ளியை வைத்தார். பாட்டும் வந்தது. பிறகு கோட்டைத் திருப்பினார். பாட்டு நின்றது. தோளுக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்தாலும் மறையாத இடத்தில், இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பழுப்பாகப் பதிந்திருந்தது.

அது எப்போது நடந்தது என்று எனக்கே தெரியும். காலையில் நான் கடையில் இருந்தபோதுதான் சிவகாமி அம்மாள் நீலத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அவருடைய ரவிக்கைக்குப் புள்ளி வைக்க அப்பாசாமி குனிந்த அந்த அரை நிமிடம், பெட்டி கோட்டின் மேலேயே நின்றிருந்தது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான்கு எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தார். வெயிலில் விரித்தார். காய்ந்ததும் மறுபடி தேய்த்தார். சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகவில்லை. நான்கு மணிக்குக் கறை, தெரிந்தவன் தேடினால் மட்டும் தெரிகிற அளவுக்கு வெளுத்தது. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, தாமே எடுத்துக்கொண்டு கிராணி வீட்டுக்கு நடந்தார். நானும் போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

"தீச்சது நான்தாங்க ஐயா. என் தப்பு. மன்னிச்சுக்குங்க."

மாணிக்கவாசகம் திகைத்துப்போனார். இத்தனை வருடத்தில் அவர் சொன்ன குறை ஒன்று உண்மையாக இருந்ததே அவருக்குப் புதுசு போலும். கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறையைக் காணவில்லை. போட்டுப் பார்த்தார், மூச்சை இழுத்துப் பிடித்ததும் பொத்தான் மாட்டியது. குரல் இறங்கிவிட்டது.

"சரி, சரி. துணி எப்பவும் போல வரும். நீயே ஒத்துக்கிட்ட. அப்ப கோட்டு சுருங்கினதும் உன் தப்புதான்?"

அப்பாசாமி இறுகி நின்ற பொத்தானை ஒரு பார்வை பார்த்தார்.

"அது நான் இல்லைங்க, ஐயா. கறிபாப்."

உள்ளே கிராணியின் மனைவி சிரித்த சத்தம் தெருவரை எங்களோடு வந்தது. ஆனால் அப்பாசாமி சிரிக்கவில்லை. கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஏழாவது புள்ளியைத்தான் பேசிக்கொண்டு வந்தார். நியாயமாகச் சொன்ன மனிதருக்கு அநியாயமாக வைத்த புள்ளி.

"தெரியாமல்தானே வைத்தீர்கள், விடுங்கள்" என்றேன்.

"சேங்கொட்டை மை போவாதே, வாத்தியாரே. நாளைக்கு அவ்வளவு பேரு முன்னால அதப் போட்டுக்கிட்டு இல்ல அவரு உக்காரணும்?"

கடைக்குள் நுழைந்ததும் தம் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மேசைமேல் விரித்தார். குறியே இல்லாத அந்தக் காலரைப் புரட்டினார். ஊசியை மையில் தொட்டு, நட்டநடுவில் ஒரு புள்ளி வைத்து, அது காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தார்.