வாயை அசைத்தால் போதும்

காக்களூரில் ஒரு கம்பெனியின் ஆயுத பூஜைக் கச்சேரி. நான் பாட மைக்கைப் பிடித்ததும் ஸ்பீக்கரில் ஒரு குழந்தை, "என்னை விட்டுட்டுப் போகாதம்மா!" என்று அழுதது. சிறுவயதில் நான் நடித்த படத்தின் வசனம்.

அந்தக் குரல் என்னுடையதல்ல. டப்பிங்கில் வேறொரு அக்கா பேசினாள். அன்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு வெளியே நின்று, பன்னீர்ப் புகையிலை மணக்கும் என் நைனாவின் சட்டையை இழுத்து, "நானே பேசறேன் நைனா" என்று கெஞ்சினேன்.

"உன் கொரலு தகரமாட்டம் கீதாம். வாய மூடிக்கினு நில்லு."

அந்தத் தகரத்தைத் தேய்த்துத் தேய்த்துத்தான் பாடகியானேன்.

"பாட்டு அப்பால பாத்துக்கலாம்மா," என்றார் மேடையோரம் வந்த கம்பெனி சூப்பர்வைசர். "ஜனங்க அழுவுற பாப்பாவத்தான் கேக்குது. மறுபடி போடறோம், சும்மா வாயசை."

அசைத்தேன். உதடு கொஞ்சமும் பிசகவில்லை. விசில் பறந்தது.

நான் பாடத் தொடங்கியபோது எல்லோரும் சுண்டல் வரிசையில் நின்றார்கள்.