தாபோடிக்கரை விளக்குக் கூண்டு

அந்த ஆடிப்பதினெட்டன்று, பிழைக்கப் போன மராத்தி ஊரில், முளா ஆற்றங்கரையில் அம்மாவும் ராணி அத்தையும் மூன்றாம் வகுப்புப் படித்த நானும் இருந்தோம். அப்பா இல்லை, தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட். மழைவாடையில் எலுமிச்சைச் சோற்றின் மணம் கலந்திருந்தது.

நதிக்கு எதற்குக் கலங்கரை விளக்கம் என்று நண்பர்கள் சிரிப்பார்கள். தாபோடியில் இருந்தது, ஆற்றுக்குள் நீட்டிய பாறைமேல். இரண்டு ஆள் உயரச் செங்கல் கோபுரம், உச்சியில் கண்ணாடிக் கூண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் படகுப் பயிற்சிக்குக் கட்டியதாம். பயிற்சி நின்றபின், அக்கரைக்குப் படகில் ஆளேற்றும் பிகாஜிதான், ஊரே காக்கா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுபவர், தன் கைக்காசில் எண்ணெய் ஊற்றி அந்திதோறும் அந்தப் "பத்தி"யை, அவர் பேச்சில் விளக்கை, ஏற்றிவந்தார்.

ஆடிப்பதினெட்டை நாங்கள் அதன் படியில்தான் கும்பிடுவோம். மூன்றாம் படியில், தண்ணீர் இதைத் தொட்டால் கரையேறிவிடுங்கள் என்று மராத்தியில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் அந்த எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், வாசித்துச் சொன்னேன்.

"ஆடிப்பதினெட்டுல தண்ணி ஏறாம எறங்குமாடா? ஆத்தா வரா, கும்பிடு!" என்றார் அம்மா.

"ரெண்டெழுத்துப் படிச்சிட்டு ஆத்துக்கே பாடம் சொல்றான் பாரு," என்றார் அத்தை.

வந்தது மேலே அணையில் திறந்துவிட்ட தண்ணீர். திரும்பிப் பார்த்தபோது கரைக்கும் எங்களுக்கும் நடுவே ஆறு ஓடியது. கோபுரத்துக்குள் ஏறி ஒண்டினோம். இருட்டிக்கொண்டு வந்தது, அம்மா கொண்டுவந்திருந்த மாவிளக்கு இரண்டையும் கூண்டுக்குள் வைத்து ஏற்றினார், யாரையும் கூப்பிட அல்ல, பூசை பாதியில் நிற்கக் கூடாதென்று.

எண்ணெய்க் குவளையோடு மேட்டில் வந்த காக்கா, தான் ஏற்றாத விளக்கு எரிவதைக் கண்டிருக்கிறார்.

"பத்தி நான் போடலே, கோன், யாரு போட்டது?" என்று கத்திக்கொண்டே படகைத் தள்ளி வந்தார். அத்தை தாம்பாளத்தைத் தேட, "பூஜா நாளைக்கு! இப்போ உக்காரு!" என்று அதட்டினார்.

நாங்கள் கரையில் கால் வைத்ததும் கயிறு நழுவியது. வெற்றுப் படகு சுழன்று போய்ப் பாலத்தூணில் மோதி உடைந்தது. அவருடைய பிழைப்பே அதுதான். அவர் அத்தையிடம் திரும்பி, "சோறு மிச்சம் இருக்கா?" என்றார்.

இப்போது அதே நகரத்தின் இன்னொரு கோடியில், மகர்பட்டாவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் தாபோடிக்குப் போனேன். கோபுரம் இல்லை, படகுத்துறை இல்லை, காக்காவும் இல்லை. நடைபாதையும் இரும்புக் கைப்பிடியும் இருக்கின்றன. வீட்டுக்கு வந்து, அந்த வெள்ளத்துக்குப் பிறகு காக்கா ஓட்டிய புதுப்படகு எப்படி வந்தது என்று அப்பாவைக் கேட்டேன். அத்தையின் வளையலை விற்று, இரண்டு மாத ஓவர்டைம் பணத்தையும் சேர்த்து அப்பாவே வாங்கிக் கொடுத்தாராம். எங்கள் மூன்று உயிருக்கும் ஆன மொத்தச் செலவு ஆறாயிரத்து நானூறு ரூபாய்.