மடியேந்தி வாங்கிய பெயர்

என் பெயர் பிச்சை. பள்ளிக்கூடத்தில் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது ஆசிரியர் இந்தப் பெயரைச் சொன்னதும், பின் பெஞ்சிலிருந்து எவனாவது ஒருவன், "சில்லறை இல்ல, அங்கிட்டுப் போ" என்பான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனால் தொல்லை விடும் என்று நம்பினேன். அறையில் உடனிருந்த மலையாளி பெயரைக் கேட்டதுமே சிரித்துவிட்டார். அவர்கள் மொழியிலும் அதற்கு அதே பொருள்தானாம்.

பெயர் வந்த வழி இதுதான். எனக்கு முன் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாக வந்த என்னை முறத்தில் கிடத்தி, எதிர்வீட்டு ராவுத்தர் மனைவியிடம் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். மறுநாள் காலையில் என்னைப் பெற்றவள் அந்த வாசலுக்குப் போய், மடியை ஏந்தி, பிச்சை போடச் சொல்லிக் கேட்டு வாங்கி வந்தாள். இது அடுத்த வீட்டுப் பிள்ளை என்று எமன் ஏமாந்து போக வேண்டும். எங்கள் மீமிசல் பக்கம் இந்துக்களிலும் முஸ்லிம்களிலும் பிச்சைகள் உண்டு. பெரும்பாலும் இப்படி வந்தவர்கள்தான்.

பெயரோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எமனுக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று கூப்பிடும் முறையையும் மாற்றிவிட்டாள். ராவுத்தர் மனைவிதான் எனக்கு அம்மா, அவர்கள் வழக்கப்படி உம்மா; பெற்றவள் அத்தை. வாய் தவறி அம்மா என்றால் முதுகில் விழும். என் மீசை நரைத்த பிறகும் அவள் அத்தைதான். அந்த ஏக்கம் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன வருடம் அவளுக்குக் குடல் அடைப்பு. அறந்தாங்கியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், நெருங்கிய சொந்தம் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நர்ஸ், நீங்கள் யார் என்று கேட்டார். பதற்றத்தில், "எங்க அம்மாங்க" என்றுவிட்டேன்.

கட்டிலில் சுருண்டு கிடந்தவள் தலையைத் தூக்கினாள். "இல்ல தாயி, இவரு எதிர்வீட்டுப் புள்ள."

அப்படியானால் சொந்தக்காரர் யாரையாவது வரச்சொல்லுங்கள் என்றார் நர்ஸ். யாரைச் சொல்வது? அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. உயிர் போகிற நேரத்திலும் எமனோடு கண்ணாமூச்சியா என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் அசையவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டிப் போ என்றாள். இப்படியே போய்விடுவாளோ என்று பயந்தேன்.

கடைசியில், "காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல, சுகர் மாத்திரையும் போடல. நீ ஒத்துக்கிறவரைக்கும் போடமாட்டேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு நர்ஸைக் கையசைத்து அருகில் கூப்பிட்டு, அவர் காதைத் தன் வாய்ப் பக்கம் இழுத்தாள்.

"நான் பெத்த புள்ளதான் தாயி. சத்தமாச் சொல்லிராதீங்க."