ஃபுசாயே கடையின் ரப்பர் சக்கரம்

நுமாஸு துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஃபுசாயே ஜாஸ் இசைத்தட்டு கேட்டபடி காபி குடிக்கும் கடை ஒன்றை நடத்திவந்தாள். அங்கே கூடும் ரசிகர் சங்கத்துக்குத் தலைவர் மருந்துக்கடை குரிமோட்டோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் இசைத்தட்டைச் சுழற்றும் புத்தம்புது டர்ன்டேபிள் ஒன்றைத் தூக்கிவந்து, அவளுடைய பழையதற்குப் பக்கத்தில் வைத்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சங்கத்தோட அன்பளிப்பு, ஃபுசாயே சான். இதுல மோட்டார் மேலயே தட்டு உட்கார்ந்திருக்கு. நடுவுல தட்டைச் சுத்திவிடற ரப்பர் சக்கரம் கிடையாது. உங்களோடது அரவை மிஷின் மாதிரி உறுமுது."

"உறுமுனா உறுமட்டும். உங்களை மாதிரி குறட்டை விடலையே."

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. ஒசாகாவில் புருஷனை விட்டுவிட்டு, அந்தப் பழைய டர்ன்டேபிளோடு தனியாக வந்தவள். இந்தக் கடை ஒன்றுதான் அவளுடையது. இன்று டர்ன்டேபிளை மாற்றுவார்கள், நாளை எந்த இசைத்தட்டைப் போடுவது என்று சொல்வார்கள். பிறகு இது யார் கடை?

"கேட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றாள்.

திரை கட்டினார்கள். எது எது என்று சொல்லாமல் ஒரே தட்டை இரண்டிலும் ஓட்டினார்கள். முதலில் ஓடியதில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே துளி இரைச்சல் இல்லை. டபுள் பேஸ் வாத்தியத்தின் ஒவ்வொரு மீட்டலும் துடைத்து வைத்ததுபோல் தனித்தனியாக நின்றது. சுத்தம்தான் என்று ஃபுசாயே மனதுக்குள் ஒப்புக்கொண்டாள். இரண்டாவதில் அடியில் மெல்லிய உறுமல் இருந்தது. ஆனால் டிரம்காரர் மற்ற வாத்தியக்காரர்களை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போவதுபோல் இருந்தது. கருவாட்டு வியாபாரி நெஸுவின் கால் தானாகத் தாளம் போட்டது.

கை தூக்கச் சொன்னபோது ஏறக்குறைய எல்லாக் கையும் இரண்டாவதற்கே உயர்ந்தது. திரையை விலக்கினார்கள். அது ஃபுசாயேயின் பழைய ரப்பர் சக்கர டர்ன்டேபிள்.

குரிமோட்டோவின் முகம் சிவந்துவிட்டது. பையிலிருந்து, சுழலும் வேகம் சரியா என்று பார்க்கும் கோடுகள் போட்ட வட்டக் காகிதம் ஒன்றை எடுத்துத் தன் டர்ன்டேபிளில் வைத்துச் சுழலவிட்டார். குழல்விளக்கின் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நின்றன. அதையே அவளுடையதில் வைத்தார். கோடுகள் மெதுவாக முன்னே நகர்ந்தன.

"பாத்தீங்களா? வேகமா ஓடுது! இத்தனை வருஷமா நாம கேட்டதெல்லாம் தப்பான வேகம்!"

கை தூக்கியவர்கள் தலையைச் சொறிந்தார்கள். "எனக்கு அப்பவே கொஞ்சம் படபடன்னுதான் இருந்துச்சு" என்றார் நெஸு.

"அப்ப உங்க கால் எதுக்கு ஆடுச்சு நெஸு சான், குளிருக்கா?"

குரிமோட்டோ குரலைத் தணித்தார். "கோவிச்சுக்காதீங்க. ஒசாகா கரண்ட் அறுபது சைக்கிள், இங்க ஐம்பது; அங்கத்துக்குச் செஞ்சது இங்க மெதுவாத்தான் ஓடும். அதுக்காக மோட்டார் தண்டுல பெரிய உருளையா மாட்டியிருப்பீங்க. பட்டறைக்காரன் இம்மியளவு கூடுதலா விட்டுட்டான். பாவம், உங்களுக்கு எங்க தெரியப்போகுது? அதை லேத்துல கடைஞ்சு சரிபண்ணுங்க, இல்ல இதை வெச்சுக்கங்க. ரெண்டும் மாட்டேன்னா, சங்கம் இனி ஸ்டேஷன் எதிர்க்கடையிலதான் கூடும்."

அந்தப் 'பாவம்' அவளைச் சுட்டது.

"எனக்குத் தெரியும்" என்றாள். "மாட்டின அன்னிக்கே தெரியும். மறுபடி கடைஞ்சு தரேன்னு பட்டறைக்காரர் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"புருஷன் வீட்டுல நான் நடந்தா, 'மெதுவா'ம்பாங்க. பேசினா, 'மெதுவா'ம்பாங்க. சிரிச்சாலும் அதேதான். இங்க வந்து முதல் தட்டு போட்டேன், சாக்ஸஃபோன் அழுது வடிஞ்சுது. அந்த வீடே என் பின்னாடி வந்துட்ட மாதிரி இருந்துச்சு. உருளை மாத்தினதும் பாட்டு ஓடுச்சு பாருங்க, அடுப்படியில நின்னு அழுதேன். அதை யாருக்காகவும் கடைய மாட்டேன்."

"வாசிச்சவங்களுக்கு நீங்க செய்யற துரோகம் இது!"

"அவங்க வந்து கேட்டா மன்னிப்பு கேக்கறேன். நீங்க வாசிச்சீங்களா?"

குரிமோட்டோ வயரைப் பிடுங்கி டர்ன்டேபிளை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கினார். அவருக்காக ஃபுசாயேயே வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். நெஸு கடைசிவரை நிற்பார் என்று நினைத்திருந்தாள். அவரும் தொப்பியை எடுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

காலி நாற்காலிகளைப் பார்த்ததும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதே தட்டில் ஊசியை வைத்தாள். தெருமுனை திரும்பும்வரை அவர்கள் காதில் விழட்டும் என்று கதவைச் சாத்தாமல் சத்தத்தைக் கூட்டினாள்.